கட்டியில் காற்று இல்லை

நெஞ்சு எக்ஸ்ரேயில் ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்துவிட்டால் ஒட்டன்சத்திரத்து வீடுகளில் என்ன பேச்சு நடக்கும் என்பது எனக்கு மனப்பாடம். "நெஞ்சுல ஊசி குத்த விட்றாதீங்க, நுரையீரல் பலூன் மாதிரி, ஓட்டையாயிரும்." "கட்டியில ஊசி பட்டா ஒடம்பெல்லாம் பரவிரும்." "ஸ்கேன்ல நுரையீரல் எங்கீங்க தெரியும்? அது மாசமா இருக்கறவங்களுக்கு எடுக்கறது." கடைசியில் எல்லோரும் தலையாட்டும் யோசனை ஒன்று வரும்: "மொதல்ல டி.பி. மாத்திரை போட்டுப் பாக்கலாம். கேக்கலீன்னா மதுரைக்குப் போயிக்கலாம்."

இதெல்லாம் காய்கறி மண்டியில் பிறந்த பேச்சு என்று நினைத்தால் தவறு. வெள்ளைக் கோட்டுப் போட்டவர்களிடம் கேட்டதைத்தான் வீட்டார் திருப்பிச் சொல்கிறார்கள். அல்ட்ராசவுண்டில் நுரையீரல் தெரியாது, நெஞ்சுக்குள் ஊசி போடுவது சி.டி. இருக்கும் பெரிய ஊருக்கு உரிய வேலை, சந்தேகம் இருந்தால் காசநோய் மருந்து கொடுத்துப் பார்த்துவிட்டு மேற்கொண்டு யோசிக்கலாம் என்ற மூன்றும் என் தொழில்காரர்களில் பலர் இன்றும் நம்புகிற விஷயங்கள். ஒரு காலத்தில் நானும் நம்பினேன். என் சண்டை அந்த நம்பிக்கையோடுதான்; நோயாளியின் வீட்டாரோடு அல்ல.

நான் நோய்க்குறியியல் படித்த மருத்துவர். நோயாளியின் முகத்தைவிட அவருடைய செல்களை அதிகம் பார்க்கிற தொழில் இது. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டாவது வந்து சேர்ந்தால்தான் என் வாய் திறக்கும். தகடு வராத நோயாளிகளுக்கு, அல்லது ஆறு மாதம் கழித்து வருகிறவர்களுக்கு, என்னால் ஒன்றும் செய்ய முடியாது. நான் சொல்ல வருவது இதுதான்: நெஞ்சுச் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும் நுரையீரல் கட்டிக்கு, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே ஊசி செலுத்திச் சதை எடுப்பதே முதல் வேலையாக இருக்க வேண்டும். அதை ஒட்டன்சத்திரம் போன்ற ஊரிலேயே செய்ய முடியும். செய்யாமல் இருப்பதற்குச் சொல்லப்படும் காரணங்களில் பெரும்பாலானவை நிற்காது.

முதலில் காற்று. அல்ட்ராசவுண்டு என்பது ஒலி. உடம்பின் மெல்லிய திசுக்களுக்குள் அது நொடிக்குச் சுமார் 1540 மீட்டர் வேகத்தில் போகிறது. காற்றில் ஒலியின் வேகம் 340 மீட்டர்தான். திசுவிலிருந்து காற்றுக்குள் நுழையும் இடத்தில் ஒலி ஏறத்தாழ முழுவதுமாகத் திரும்பிவிடும். அதனால் நல்ல நுரையீரலுக்கு மேல் கருவியை வைத்தால் நுரையீரலின் உறை மட்டும் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். அதற்குக் கீழே வெறும் மூட்டம். இதை வைத்துத்தான் ஹாரிசன் போன்ற பெரிய பாடநூல்களே நுரையீரலுக்கு அல்ட்ராசவுண்டு பயன்படாது என்று பதிப்புக்குப் பதிப்பு எழுதி வந்தன. நாங்களும் அதைப் படித்துத்தான் தேறினோம்.

ஆனால் நாம் தேடுவது நல்ல நுரையீரலையா? கட்டியில் காற்று இல்லை. சீழ்க் கட்டியிலும், சளி இறுகிக் கெட்டியான பகுதியிலும் காற்று இல்லை, அல்லது மிகக் குறைவு. நிமோனியா பிடித்த நுரையீரலை அந்தக் காலத்துப் பிணக்கூறாய்வு மருத்துவர்கள் ஈரல் போல ஆகிவிட்டது என்று எழுதினார்கள். இன்று அல்ட்ராசவுண்டுத் திரையில் பார்த்தாலும் அது ஈரலைப் போலவே தெரிகிறது. காற்றை விரட்டிவிட்டு அந்த இடத்தில் சதை உட்கார்ந்திருக்கிறது, அந்தச் சதை விலாவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிறது என்றால், ஒலி தடையில்லாமல் உள்ளே போகும். நோயே தனக்கு ஒரு ஜன்னலைத் திறந்து வைத்துவிடுகிறது. கோவிட் காலத்தில், 2020-இலும் 2021-இலும், நோயாளியை சி.டி. அறைக்கு நகர்த்த முடியாதபோது கட்டிலருகிலேயே அல்ட்ராசவுண்டை வைத்து நெஞ்சைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்! நோய்ப்பட்ட நுரையீரல் திரையில் தெரியும் என்பதை அன்று கண்ணால் கண்டவர்கள், கட்டி என்று வரும்போது மட்டும் பழைய பாடத்துக்குத் திரும்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நுரையீரலுக்குள் ஊசி என்பது புதிதாய் வந்த துணிச்சலும் இல்லை. ஜெர்மனியில் லெய்டன் என்ற மருத்துவர் 1883-இல் நெஞ்சுச் சுவர் வழியாக ஊசி செலுத்தி நிமோனியாவின் கிருமியைத் தேடினார். 1886-இல் பாரிஸைச் சேர்ந்த மெனெத்ரியே நுரையீரல் புற்றை அதே வழியில் கண்டறிந்தார். ராண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தது 1895-இல்தான். அதாவது, நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று படம் பிடிக்கவே வழி இல்லாத நாளில், விரலால் தட்டிப் பார்த்தும் காதை வைத்துக் கேட்டும் இடத்தைக் குறித்து ஊசி போட்டார்கள். நம்மிடம் திரையில் ஊசி முனை நகர்வதையே பார்க்கிற கருவி இருக்கிறது, பயப்படுகிறவர்களும் நாம்தான்.

இன்னொரு வரலாற்றுச் செய்தியையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சி.டி. வழி ஊசிதான் மூத்தது, அல்ட்ராசவுண்டு ஏதோ ஏழைகளுக்கான மாற்று ஏற்பாடு என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. சி.டி. பார்த்து ஊசி போடுவதை அமெரிக்காவில் ஹாகாவும் அல்ஃபிடியும் எழுதியது 1976-இல். அல்ட்ராசவுண்டு பார்த்து நுரையீரலின் ஓரக் கட்டிகளில் ஊசி போட்டதைச் சந்திரசேகரும் அவருடைய சகாக்களும் 'செஸ்ட்' இதழில் எழுதியதும் அதே 1976-இல்தான். இரண்டும் ஒரே வயது. பிறகு தைவானில் யாங் பான்-ச்யர் குழுவினர் 1980களின் நடுவிலிருந்து இதை நெஞ்சு மருத்துவரின் அன்றாட வேலையாகவே ஆக்கிவிட்டார்கள். நமக்கு மட்டும்தான் இது இன்னும் புதுமை.

என் மாமா கதையைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

அம்மாவுக்குத் தம்பி. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் லோடுமேன். கேரளத்துக்குப் போகும் லாரிகளில் முருங்கைக்காய்க் கட்டும் தக்காளிப் பெட்டியும் வெங்காய மூட்டையும் ஏற்றி இறக்கி, இருபத்தைந்து வருஷம் வலது தோளில் சுமந்தவர். பீடி உண்டு. 2007-இல் அந்தத் தோள் வலிக்க ஆரம்பித்தது. மூட்டை தூக்குகிறவருக்குத் தோள் வலிப்பதில் யாருக்கு என்ன சந்தேகம் வரும்? தைலம் தேய்த்தார்கள், கட்டுப் போட்டார்கள், வலி ஊசி போட்டார்கள். இருமல் வந்த பிறகுதான் எக்ஸ்ரே. வலது நுரையீரலின் உச்சியில் வெள்ளைத் திட்டு. நுரையீரலின் உச்சி காசநோய்க்கு மிகவும் பிடித்த இடம். மூன்று முறை சளி பார்த்தார்கள், மூன்றிலும் கிருமி இல்லை. இருந்தாலும் காசநோய்தான் என்று முடிவு செய்து மருந்து தொடங்கினார்கள். அப்போதெல்லாம் வாரத்துக்கு மூன்று நாள் மருந்து. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதைப் பார்த்து, மருந்து வேலை செய்கிறது என்று மாமா நம்பினார்.

நான் அப்போது முதுநிலைப் படிப்பில் இரண்டாம் ஆண்டு. நான்காவது மாதம் ஊருக்குப் போனபோது மாமா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வலது கண்ணின் இமை கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. சுண்டு விரல் மரத்துப்போகிறது என்றார். கையை நீட்டச் சொன்னேன். உள்ளங்கைச் சதை வற்றியிருந்தது. புத்தகத்தில் படித்த படம் எதிரே உட்கார்ந்து எனக்குக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தது. நுரையீரலின் உச்சியில் வளர்ந்து, கைக்குப் போகும் நரம்பையும் கண்ணிமைக்குப் போகும் நரம்பையும் பிடிக்கிற புற்று அது. பான்கோஸ்ட் என்ற அமெரிக்க எக்ஸ்ரே மருத்துவர் 1924-இலும் 1932-இலும் எழுதி வைத்த, அவர் பெயரிலேயே வழங்குகிற கட்டி.

அந்த ஊரில் பழக்கமுள்ள ஒரு மருத்துவர், "காறை எலும்புக்கு மேலே ஸ்கேன் வைத்துப் பார்த்தால் தெரியலாம், இங்கேயே ஊசி போட்டுப் பார்க்கட்டுமா?" என்று என்னிடமே கேட்டார். வேண்டாம் என்றது நான்தான். "ஸ்கேன்ல நுரையீரல் தெரியாதுங்க டாக்டர், உச்சியில ரத்தக்குழாய் நெறைய. சி.டி. வெச்சு எடுக்கற எடத்துக்கே போயிக்கறோம்." படித்த பிள்ளை சொல்லிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். பெரிய ஊரில் தேதி வாங்க மூன்று வாரம் ஆயிற்று. அங்கே போன அன்று, அங்கிருந்த மருத்துவர் சி.டி. படத்தை விளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, மாமாவைப் படுக்க வைத்து, அல்ட்ராசவுண்டுக் கருவியைக் காறை எலும்புக்கு மேலே வைத்தார். பக்கத்தில் ஓடும் ரத்தக்குழாய்கள் திரையில் சிவப்பும் நீலமுமாகத் துடித்தன. அவற்றை விட்டு விலகி, கட்டிக்குள் ஊசி போவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மாமா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு கேட்டார்: "இதுக்கா சாமி இத்தன மாசம்?"

அதற்குள் புற்று முதுகெலும்பை அரித்துவிட்டது. மாமா அடுத்த தை பார்க்கவில்லை.

முதல் மாதமே ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்பவர்களுக்கு என்னால் உறுதி சொல்ல முடியாது. அது கொடிய கட்டி. ஆனால் நாலரை மாதம் இல்லாத நோய்க்கு மருந்து தின்றார். இருந்த நோய்க்குக் கதிர்ச் சிகிச்சை தொடங்கியிருந்தால் வலியாவது முன்பே குறைந்திருக்கும். சுமக்க முடியாத கையோடு மண்டியில் முன்பணம் வாங்கியிருக்க மாட்டார். நோய்க்குப் பெயர் தெரியாமல் போன காலத்துக்கு விலை இவ்வளவு.

இனி ஆபத்தைப் பேசுவோம். ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஊசி நுரையீரல் உறையைக் கடக்கும்போது உறைகளுக்கு இடையில் காற்று புகலாம். நுரையீரல் கொஞ்சம் சுருங்கலாம். சளியில் ரத்தம் வரலாம். மிக அரிதாக ரத்தக்குழாய்க்குள் காற்று போகலாம். ஆனால் இந்த ஆபத்துகளின் காரணத்தைப் பார்த்தால் பயம் தலைகீழாக நிற்பது விளங்கும். நுரையீரல் பொத்துக்கொள்வது ஊசி காற்றடைத்த பகுதியைக் கடக்கும்போதுதான். கட்டி நெஞ்சுச் சுவரையே தொட்டிருந்தால், ஊசி தோலிலிருந்து தசை, தசையிலிருந்து நேரே கட்டி என்று போகிறது. நடுவில் பலூனே இல்லை. இத்தாலி மருத்துவர்கள் 2013-இல் 'ரேடியாலஜி' இதழில் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டார்கள். நெஞ்சுறையிலும் நுரையீரல் ஓரத்திலும் கட்டி இருந்த 103 பேருக்கு அல்ட்ராசவுண்டு வழி, 170 பேருக்கு சி.டி. வழி. காற்று புகுந்தது முதல் கூட்டத்தில் நூற்றுக்கு 6-க்கும் குறைவு. இரண்டாவதில் ஏறத்தாழ 15. சதை கிடைத்ததில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. நேரமோ அல்ட்ராசவுண்டில் குறைவு. பாதுகாப்புக்காக சி.டி.க்குப் போகச் சொல்கிறவர்கள் இந்தக் கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டும்.

வித்தியாசம் ஏன் என்பதும் கைவேலை தெரிந்தவருக்குப் புரியும். சி.டி.யில் படம் எடுத்து, ஊசியைக் கொஞ்சம் நகர்த்தி, மறுபடி படம் எடுத்துப் பார்க்க வேண்டும். இடையில் நோயாளி மூச்சு விட்டாலோ இருமினாலோ கட்டி இடம் மாறிவிடும். அல்ட்ராசவுண்டில் மூச்சோடு கட்டி மேலும் கீழும் போவது கண்ணெதிரே ஓடுகிறது. உட்கார்ந்தால்தான் மூச்சு வாங்காது என்கிற கிழவரை உட்கார வைத்தே செய்யலாம். ஊசியை விலா எலும்பின் மேல் விளிம்பை ஒட்டி விட வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு விலாவின் கீழ் விளிம்பிலும் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. இது முதலாண்டு உடற்கூற்றுப் பாடம். வேலை முடிந்ததும் காற்று புகுந்ததா என்று பார்க்க அதே கருவி போதும். இரண்டு உறைகளும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகர்வது திரையில் தெரிந்தால் அந்த இடத்தில் காற்று புகவில்லை என்று அர்த்தம். பிரான்சின் லிச்டென்ஸ்டைன் 1995-இலேயே இதை எழுதிவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து எக்ஸ்ரே ஒன்று எடுத்து, சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பலாம்.

யாருக்குச் செய்யக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரத்தம் உறையாத கோளாறு உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டு அதை நிறுத்த முடியாதவர்கள், ஒரே நுரையீரலோடு வாழ்கிறவர்கள், நாய்ப்புழுவால் வரும் நீர்க்கட்டி என்று சந்தேகிக்கப்படுகிறவர்கள். கட்டி நுரையீரலுக்குள் ஆழத்தில், நாலாபக்கமும் காற்று சூழ இருந்தால் அல்ட்ராசவுண்டால் அதைப் பார்க்கவே முடியாது, அங்கே சி.டி.யோ மூச்சுக்குழாய் வழி உள்நோக்கியோதான் வழி. சி.டி. படம் ஒன்று முதலில் எடுத்தாக வேண்டும் என்பதிலும் எனக்கு மறுப்பு இல்லை. கட்டி சுவரைத் தொடுகிறதா என்று சொல்வதே அதுதான்.

"ஊசி பட்டா பரவிரும்" என்ற பேச்சுக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் இதைவிட அதிகம் பேரை மருத்துவமனையிலிருந்து திருப்பி அனுப்பிய வாக்கியம் வேறொன்று இருக்குமா என்று எனக்குச் சந்தேகம். ஊசி போன தடத்தில் புற்றுச் செல் முளைப்பது உண்டா? உண்டு, நுரையீரல் புற்றில் நூற்றில் ஒன்றுக்கும் வெகு கீழே. ஊசி போட்ட பிறகு நோயாளி மோசமாவதைப் பார்த்து ஊசியைக் குற்றம் சொல்கிறார்கள். ஊசி போடும் நாளுக்கு முன்பே நோய் எங்கெங்கே போயிருந்தது என்பதை யாரும் பார்க்கவில்லை. ஆனால் எதிர்த்தரப்பில் நியாயமான வாதம் ஒன்று இருக்கிறது. நெஞ்சுறையை ஒட்டிய சிறிய, தொடக்க நிலைக் கட்டியில், அறுத்து எடுத்தாலே குணமாகும் என்ற நிலையில், ஊசி போட்டால் பின்னாளில் உறையில் புற்று திரும்பும் வாய்ப்பு கூடலாம் என்று கிழக்காசிய ஆய்வுகள் சொல்கின்றன. அப்படிப்பட்ட நோயாளிக்கு ஊசியே வேண்டாம், நேரே அறுவை மருத்துவரிடம் போகட்டும் என்றால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் ஒட்டன்சத்திரத்துக்கும் கள்ளிமந்தையத்துக்கும் வேடசந்தூருக்கும் இந்த வாதத்தை எடுத்து வருகிறவர்கள், எங்கள் ஊரில் யாருக்குத் தொடக்க நிலையில் கட்டி கண்டுபிடிக்கப்படுகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். விலாவைத் துளைத்து, தோளை முடக்கி, நெஞ்சில் நீர் சேர்ந்த பிறகு வருகிறார்கள். அவர்களுக்குப் புற்று என்ன வகை என்று தெரிவதே சிகிச்சையின் முதல் படி.

அதுவும் இன்று வகை தெரிவது என்றால் வெறும் பெயர் தெரிவது அல்ல. இந்தச் சீமையே புகையிலைச் சீமை. திண்டுக்கல் சுருட்டு கடல் கடந்து போன சரக்கு; வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. அதனால் நுரையீரல் புற்று என்றாலே பீடி குடித்தவருக்கு வருவது என்று முடிவு செய்துவிடுகிறோம். என் தகடுகளில் பீடியைத் தொட்டே பார்க்காத பெண்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களின் அடினோகார்சினோமா வகைப் புற்றில் இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவின் மாற்றம் மேல்நாட்டாரைவிட ஆசியர்களிடம் அதிகம். அந்த மாற்றம் இருந்தால் தினம் ஒரு மாத்திரை, முதல் சிகிச்சையாக, கீமோவைவிட நன்றாகவே கட்டியை அடக்குகிறது என்று 2009-இல் ஆசியாவில் நடந்த பெரிய ஆய்வு காட்டியது. ஜெஃபிடினிப் என்ற அந்த மாத்திரை இந்தியக் கம்பெனிகளின் தயாரிப்பாகவே கிடைக்கிறது. அந்த மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல எனக்குச் சதை வேண்டும். மெல்லிய ஊசியால் உறிஞ்சிய நாலு செல் போதாது. 18 கேஜ் ஊசியால் புழு மாதிரி நறுக்கி எடுத்த இரண்டு மூன்று துண்டு வேண்டும். கட்டியைக் கண்ணால் பார்த்துக்கொண்டே போடுகிறவருக்கு அது கடினமான வேலை இல்லை.

காசநோய் மருந்து கொடுத்துப் பார்ப்பது என்ற வழக்கத்தைத்தான் நான் மிகவும் எதிர்க்கிறேன். உலகத்துக் காசநோயாளிகளில் நாலில் ஒருவர் இந்தியர். அதனால் திட்டு என்றதும் காசநோய் என்ற எண்ணம் வருவது இயல்பு. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் பெரும்பாலும் சரி என்பதற்காக ஒருவருக்கு ஆறு மாதம் மருந்து கொடுத்துவிட்டு அவர் இளைக்கிறாரா தேறுகிறாரா என்று பார்ப்பது பரிசோதனை ஆகாது. சரியாகவே இருந்தாலும்கூட அரைகுறைதான்: கிருமி ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா அடங்காதா என்று தெரியாமல் மருந்து ஓடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2010-இல் ஏற்றுக்கொண்ட ஜீன்எக்ஸ்பர்ட் கருவி இரண்டு மணி நேரத்தில் கிருமியையும் காட்டும், அந்த மருந்துக்கு அது அடங்குமா என்பதையும் காட்டும். சளியே வராதவர், வந்த சளியில் கிருமி இல்லாதவர், இவர்களுடைய கட்டியிலிருந்து ஊசி வழி எடுத்த சதையை அதில் போட்டால் என்ன? ஊசியைப் புற்றோடு மட்டும் சேர்த்துப் பேசுகிறார்கள். காசநோயை உறுதி செய்கிற ஊசியும் அதுதான்.

இதில் ஒரு சின்னக் கைக்குற்றத்தைச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் வாரம் தவறாமல் பார்க்கிறேன். எடுத்த துண்டுகளை எல்லாம் ஒரே ஃபார்மலின் குப்பியில் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும். அதற்குப் பிறகு காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது. ஒரு துண்டையாவது சலைன் தண்ணீரில் தனியாகப் போடுங்கள். செலவு ஒன்றும் இல்லை.

காசநோய் என்றதும் நம் மண்ணின் கதை ஒன்றும் நினைவுக்கு வருகிறது. காசநோயாளியைச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வைத்தால்தான் குணமாகும் என்று உலகம் முழுவதும் நம்பிய காலத்தில், 1956-இல் சென்னையில் ஒரு சோதனை தொடங்கியது. 193 நோயாளிகள். ஒரு பாதி சானடோரியத்தில். மறு பாதி சென்னையின் குடிசைகளில், சொந்த வீட்டில், அதே மாத்திரையோடு. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அவர்களுக்கு இணையாகவே தேறியிருந்தார்கள். வீட்டில் உள்ளவர்களுக்கும் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. 1959-இல் முடிவு வெளிவந்த பிறகு சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியது. பெரிய கட்டடம், தூரத்து ஊர், மலைக்காற்று எல்லாம் இருந்தால்தான் வைத்தியம் என்ற எண்ணத்தைத் தமிழ்நாட்டின் ஏழை நோயாளிகள் தங்கள் உடம்பை வைத்துப் பொய்யாக்கினார்கள். அந்த நாட்டிலேயே, கட்டியைப் பார்க்க நூறு கிலோமீட்டர் போகத்தான் வேண்டும் என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

மதுரைக்குப் போவது என்றால் என்னவென்று அனுப்புகிறவர்களுக்குத் தெரியுமா? ஒட்டன்சத்திரத்திலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர். முதல் நாள் சீட்டு வாங்க, இரண்டாம் நாள் சி.டி.க்கு, தேதி கிடைத்ததும் ஊசிக்கு, முடிவு வாங்க ஒரு நாள். கூடவே ஒருவர் போக வேண்டும். இரண்டு பேர் கூலியும் போயிற்று. இரண்டாம் பயணத்திலேயே பாதிப் பேர் விட்டுவிட்டு நாட்டு மருந்துக்குப் போய்விடுகிறார்கள் என்பது என் அனுபவம்.

ஒட்டன்சத்திரத்துக்குப் பெரிய வைத்தியம் எட்டாது என்று சொல்பவர்கள் இந்த ஊரின் கதையை அறியாதவர்கள். 1955-இல், சந்தையும் சத்திரமுமாக இருந்த ஊரில், ஏ. கே. தரியன் உள்ளிட்ட மருத்துவர்கள் கிறிஸ்டியன் ஃபெலோஷிப் மருத்துவமனையைத் தொடங்கினார்கள். கிராமத்து ஜனங்களுக்கு அறுவைச் சிகிச்சை கிராமத்திலேயே கிடைக்க வேண்டும் என்று நினைத்து வந்தவர்கள் அவர்கள். ஜெனரேட்டரும் ரத்த வங்கியும் இல்லாத நாளில் வயிற்றைத் திறக்க முடிந்த நாட்டில், இன்று ஓர் ஊசிக்குப் பஸ் ஏறச் சொல்கிறோம். 35 கிலோமீட்டரில் திண்டுக்கல்லில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்தாகிவிட்டது. கருவி எங்கும் இருக்கிறது. கர்ப்பிணிகளைப் பார்க்கும் அதே கருவியின் அதே வளைந்த முகப்பு போதும். ஊசி, மரக்க மருந்து, ஃபார்மலின், சலைன். தகட்டை அங்கேயே டொலுயிடின் நீலத்தில் முக்கி, செல் வந்திருக்கிறதா என்று இரண்டு நிமிஷத்தில் பார்த்துச் சொல்ல ஓர் ஆள். தேவைப்பட்டால் காற்றை வெளியேற்றக் குழாய் போடத் தெரிந்த கை. குழாய் போடத் தெரியாத இடத்தில் ஊசியும் போடக்கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

கருவி இருந்தும் அது நெஞ்சு மருத்துவரின் கைக்கு வராததற்கு ஒரு காரணம் சட்டம் என்பார்கள். கருவிலேயே பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994-இல் வந்த சட்டத்தின்படி ஒவ்வோர் அல்ட்ராசவுண்டுக் கருவியும் பதிவாக வேண்டும்; கருவியை இஷ்டத்துக்கு எடுத்துப் போக முடியாது; பயன்படுத்துகிறவர் பெயரும் பதிவில் இருக்க வேண்டும். உசிலம்பட்டி நமக்குப் பக்கத்து மாவட்டத்து ஊர். அங்கே பெண் சிசுக்கள் பட்ட பாட்டை அறிந்தவர்கள் யாரும் அந்தச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்லமாட்டார்கள், நானும் சொல்லவில்லை. பதிவுப் படிவத்தில் நெஞ்சு மருத்துவரின் பெயரையும் சேர்த்து விண்ணப்பியுங்கள் என்கிறேன். அதைச் செய்யச் சோம்பிவிட்டுச் சட்டத்தைச் சாக்காகச் சொல்வது, இருமிக்கொண்டு வாசலில் நிற்கிறவருக்குச் செய்கிற அநியாயம்.

போன ஆவணியில் கள்ளிமந்தையம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். கண்வலிக்கிழங்குக் காட்டில் களையெடுக்கிறவர், வயது ஐம்பதுக்கு மேல், புகை பழக்கம் இல்லை. இடது விலாப் பக்கம் கட்டி. "நெஞ்சுல ஊசின்னா சும்மாவாங்க?" என்று அவர் மகன் கேட்டார். திரையைத் திருப்பி இருவருக்கும் காட்டினார்கள்: இது விலா, இது கட்டி, நடுவில் நுரையீரல் இல்லை பாருங்கள். அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்தரைக்கு ஊசி, பதினொன்றுக்கு முதல் தகடு என் மேசைக்கு வந்தது. மூன்று துண்டு, இரண்டு ஃபார்மலினில், ஒன்று சலைனில். மாலை ஐந்து மணிப் பஸ்ஸுக்கு அவர்கள் கிளம்பும்போது, காசநோய் இல்லை, இது வேறு, வகை தெரிய இன்னும் பத்து நாள் ஆகும் என்று நான் சொல்ல முடிந்தது.

எக்ஸ்ரே உறையைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கிறவர் யாராவது இருந்தால், அடுத்த முறை உள்ளே போகும்போது மருத்துவரிடம் இதை மட்டும் கேளுங்கள்: "கட்டி நெஞ்சுச் சுவரத் தொடுதுங்களா? தொட்டா, ஸ்கேன் பாத்து இங்கயே ஊசி போட்டு எடுக்க முடியுங்களா?"